பாலம் தாண்டியதும் மாறிய சட்டம்: காரில் கைத்துப்பாக்கி வைத்திருந்த ஒரு பெண்ணின் வழக்கு

பிலடெல்பியாவிலிருந்து அட்லாண்டிக் சிட்டிக்குக் காரில் போகிறவர்கள் டெலவேர் ஆற்றை ஏதாவது ஒரு பாலத்தில் கடந்தாக வேண்டும். பெஞ்சமின் பிராங்க்ளின் பாலத்தையும் வால்ட் விட்மன் பாலத்தையும்தான் நிறையப் பேர் பிடிப்பார்கள். இந்தப் பாலங்களில் சுங்கம் கட்டுவது திரும்பி வரும்போது மட்டும்தான். பென்சில்வேனியாவிலிருந்து நியூஜெர்சிக்குள் நுழையும்போது யாரும் நிறுத்தமாட்டார்கள், எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு வரவேற்புப் பலகை கண்ணில் பட்டு மறையும், அவ்வளவுதான். ஆனால் ஆற்றின் நடுவில் ஓடும் கண்ணுக்குத் தெரியாத மாநில எல்லையைத் தாண்டிய நொடியில், காரில் இருக்கும் கைத்துப்பாக்கியின் நிலைமை தலைகீழாக மாறிவிடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லைசென்ஸோடு வைத்திருந்த பொருள், இந்தப் பக்கம் 10 ஆண்டு வரை சிறைக்கு அனுப்பக்கூடிய பொருள்.

இந்த எல்லையை அறியாமல் தாண்டி மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் வழக்கைத்தான் இங்கே முழுமையாக எடுத்துப் பார்க்கப் போகிறேன். அந்த நாட்களில் அவர் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. நான் இங்கே எழுதவில்லை. மாநில ஆளுநரே மன்னித்துவிட்ட ஒருவரின் பெயரை மறுபடி இழுக்க எனக்கு மனமில்லை. வழக்கைப் புரிந்துகொள்ள அது தேவையும் இல்லை.

அன்றிரவு நடந்தது

2013 அக்டோபர் 1, நள்ளிரவு தாண்டி சுமார் ஒரு மணி. அட்லாண்டிக் சிட்டி எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு காரைப் போலீஸ் நிறுத்தியது. பாதுகாப்பில்லாமல் லேன் மாறியதுதான் காரணம். ஓட்டி வந்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த 27 வயதுப் பெண். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாய். அதற்கு முன் எந்தக் குற்ற வழக்கும் அவர் மேல் கிடையாது. ஓராண்டுக்குள் இரண்டு முறை வழிப்பறிக்கு ஆளாகி, இனி இப்படி இருக்க முடியாது என்று துப்பாக்கி வாங்கியவர். வாங்கியதும் முறைப்படி. பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸும் கையில் இருந்தது.

அதிகாரி அருகில் வந்ததும், தன்னிடம் கைத்துப்பாக்கி இருக்கிறது, அதற்கு லைசென்ஸும் இருக்கிறது என்று அவரே சொன்னார். யாரும் சோதனை போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால், லேன் மாறியதற்கு ஒரு அபராதச் சீட்டோடு கார் கிளம்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நேர்மையாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியமே வழக்கின் முதல் சாட்சியாகிவிட்டது. இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

துப்பாக்கி .380 ரகம், தோட்டா போடப்பட்டிருந்தது. தோட்டாக்கள் நுனி குழிந்த வகை, அதாவது ஹாலோ பாயிண்ட். கைது செய்தார்கள். ஆறு வாரம் போலச் சிறையில் இருந்த பிறகுதான் வெளியே வந்தார். பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தது ஒரு குற்றச்சாட்டு, ஹாலோ பாயிண்ட் தோட்டா வைத்திருந்தது இன்னொன்று.

ஆற்றின் அந்தப் பக்கம்

பென்சில்வேனியா துப்பாக்கி விஷயத்தில் தாராளமான மாநிலம் என்று பெயர். அங்கும் காருக்குத் தனி விதி இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வாகனத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்வது அந்த மாநிலத்தில் பொதுவாகப் பெருங்குற்ற வகையைச் சேர்ந்தது. சுடும் பயிற்சிக்குப் போவது போன்ற சில காரியங்களுக்கு, தோட்டா போடாமல் எடுத்துப் போக விலக்குகள் உண்டு. மற்றபடி லைசென்ஸ் வேண்டும்.

அதைத் தருவது மாவட்ட ஷெரிஃப். பிலடெல்பியா நகரத்தில் மட்டும் போலீஸ் துறை. விண்ணப்பித்தால் 45 நாட்களுக்குள் பின்னணியைச் சரிபார்த்து முடிவு சொல்ல வேண்டும். ஐந்தாண்டு செல்லும். அந்தப் பெண் இந்த வரிசையில் நின்று, விண்ணப்பம் கொடுத்து, சரிபார்ப்பில் தேறி, அட்டையை வாங்கியவர். தன் மாநிலச் சட்டத்தை அவர் ஒரு இடத்திலும் மீறவில்லை.

அப்புறம் எப்படி இந்தத் தப்பு? டிரைவிங் லைசென்ஸ்தான் இதற்குப் பதில் என்று நினைக்கிறேன். பென்சில்வேனியாவில் எடுத்த டிரைவிங் லைசென்ஸ் கலிபோர்னியா வரை செல்லும். திருமணச் சான்றிதழும் அப்படியே. அரசாங்கமே படம் ஒட்டிக் கொடுக்கும் இன்னொரு அட்டை ஆற்றைத் தாண்டியதும் வெறும் காகிதமாகிவிடும் என்று யாருக்குத் தோன்றும்? துப்பாக்கி பெர்மிட்டுகளை ஒரு மாநிலம் இன்னொன்றுடையதை ஏற்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் கிடையாது. எந்த மாநிலம் யாருடையதை ஏற்கும் என்பது அந்தந்த மாநிலங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு. 2017 டிசம்பரில் இதை ஒரே மாதிரியாக்க ஒரு மசோதா வந்தது. பிரதிநிதிகள் சபையில் 231க்கு 198 என்று நிறைவேறியது. செனட்டில் அப்படியே கிடந்து போனது.

இந்தப் பக்கம்

நியூஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. அங்கே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல நியூஜெர்சியே கொடுத்த பெர்மிட் வேண்டும். வெளிமாநிலத்தார் மாநிலப் போலீஸ் தலைமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தில் எழுதித்தான் இருந்தது. ஆனால் 2013இல் உள்ளூர்க்காரருக்கே அது கிடைக்காது. உங்களுக்கென்று தனிப்பட்ட, அவசரமான ஆபத்து இருப்பதை நிரூபிக்க வேண்டும். பொதுவான பயம் போதாது. சாதாரண மனிதர் ஒருவருக்கு அந்தக் கதவு பூட்டித்தான் இருந்தது.

பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டாம் நிலைக் குற்றம். 5 முதல் 10 ஆண்டு சிறை. அந்த மாநிலச் சட்டத்தின் அமைப்பே இதுதான்: கைத்துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் விலக்குகளைப் பட்டியல் போடுகிறது. சொந்த வீட்டில் வைத்திருக்கலாம், சொந்தக் கடையில் வைத்திருக்கலாம். வாங்கிய கடையிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து தொழிலிடத்துக்கு, பழுதுபார்க்கும் இடத்துக்கு, வீடு மாறும்போது பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு, சுடும் பயிற்சிக் களத்துக்கு, வேட்டைக்கு. இந்தப் பயணங்களுக்கு எடுத்துப் போகலாம். அப்போதும் தோட்டாவைக் கழற்றியிருக்க வேண்டும். மூடிப் பூட்டிய பெட்டியிலோ, இறுகக் கட்டிய பொட்டலத்திலோ, காரின் டிக்கியில் பூட்டியோ வைத்திருக்க வேண்டும். வழியில் தேவையில்லாமல் சுற்றவும் கூடாது.

பட்டியலை மெதுவாக இன்னொரு முறை படித்தால் ஒன்று புரியும். அந்தப் பெண் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, பெட்டியில் பூட்டி, டிக்கியில் போட்டிருந்தாலும்கூட அட்லாண்டிக் சிட்டிக்குச் சும்மா போய்வரும் பயணம் இந்த விலக்கு எதிலும் அடங்காது. பாதுகாப்பாக வைத்திருந்தால் தப்பித்திருப்பார் என்று பலர் அப்போது எழுதினார்கள். அது சரியல்ல. சட்டத்தின்படி அவருக்கு இருந்த ஒரே வழி துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புவதுதான்.

கூட்டாட்சிச் சட்டம் ஏன் கைகொடுக்கவில்லை

1986இல் அதிபர் ரேகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பயணிகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு. பல மாநிலங்கள் வழியாக நீண்ட தூரம் ஓட்டிப் போகிறவர் ஒவ்வொரு எல்லையிலும் குற்றவாளி ஆகிவிடக் கூடாது என்பதற்காக வந்தது. துப்பாக்கி வைத்துக்கொள்ளவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை உள்ள இடத்திலிருந்து கிளம்பி, அதே உரிமை உள்ள இன்னோர் இடத்துக்குப் போகிறீர்கள் என்றால், நடுவில் கடக்கும் மாநிலத்தின் சட்டம் உங்களைத் தொடாது. நிபந்தனை உண்டு: தோட்டா போட்டிருக்கக் கூடாது, துப்பாக்கியோ தோட்டாவோ கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். கிளவ் பாக்ஸும் இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டியும் கணக்கில் வராது, பூட்டியிருந்தாலும் சரி.

இந்தப் பெண்ணுக்கு இது இரண்டு விதத்திலும் உதவவில்லை. துப்பாக்கியில் தோட்டா இருந்தது. அதைவிட முக்கியம், அவர் போய்ச் சேர வேண்டிய இடமே நியூஜெர்சிக்குள் இருந்தது. நியூஜெர்சியை ‘கடந்து’ வெர்மான்ட்டுக்குப் போகிறவருக்கான பாதுகாப்பு அது. நியூஜெர்சிக்கு ‘வருகிறவருக்கு’ அதில் ஒரு வரிகூட இல்லை.

‘எடுத்துச் செல்வது’ என்றால் என்ன என்பதே அமெரிக்கச் சட்டத்தில் பெரிய சண்டைக்குரிய விஷயம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1998இல் மஸ்கரெல்லோ என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. போதைப்பொருள் விற்கப் போனவரின் வண்டியில், பூட்டிய கிளவ் பாக்ஸுக்குள் கைத்துப்பாக்கி இருந்தது. உடம்பில் இல்லாத துப்பாக்கியை அவர் ‘எடுத்துச் சென்றார்’ என்று சொல்லலாமா? ஐந்து நீதிபதிகள் சொல்லலாம் என்றார்கள், நான்கு பேர் கூடாது என்றார்கள். நீதிபதி பிரேயர் தீர்ப்பை எழுதினார். மாற்றுத் தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க், அவரோடு ரென்குவிஸ்ட், ஸ்காலியா, சூட்டர். வழக்கமாக எதிரெதிராக நிற்கும் கின்ஸ்பர்க்கும் ஸ்காலியாவும் ஒரே பக்கம். ‘சுமப்பது’ என்ற ஒரு சாதாரணச் சொல்லின் பொருளுக்காகப் பழைய நூல்களையும் அகராதிகளையும் இரண்டு பக்கமும் புரட்டியெடுத்தார்கள். நாட்டின் தலைசிறந்த ஒன்பது சட்ட வல்லுநர்களே ஐந்துக்கு நான்கு என்று பிரிந்த ஒரு சொல்லை, நள்ளிரவில் கார் ஓட்டும் ஒரு தாய் சரியாகப் புரிந்துவைத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது.

சாவி யார் கையில் இருந்தது

நியூஜெர்சியில் கிரேவ்ஸ் சட்டம் என்று ஒன்று 1981 முதல் இருக்கிறது. அதைக் கொண்டுவந்த மாநில செனட்டரின் பெயர் அது. துப்பாக்கிக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சக் கட்டாயச் சிறை என்பது அதன் சாரம். பரோலே கிடையாத காலம் 3 ஆண்டாக இருந்தது, 2013இல் 42 மாதமாக உயர்த்தினார்கள். அந்த உயர்வு வந்த சில வாரங்களில்தான் இவர் எல்லையைத் தாண்டினார்.

அந்தச் சட்டம் வந்ததற்கு நியாயமான காரணம் இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கேம்டன், நியூவார்க் போன்ற நகரங்களில் கைத்துப்பாக்கியால் செத்த இளைஞர்கள் ஏராளம். எவ்வளவு செல்வாக்குள்ளவராக இருந்தாலும் துப்பாக்கியோடு பிடிபட்டால் உள்ளே போக வேண்டும் என்று ஒரு மாநிலம் முடிவெடுப்பது புரிந்துகொள்ளக் கூடியது. அண்டை மாநிலங்களிலிருந்து காரில் வரும் துப்பாக்கிகள் அவர்களுக்கு உண்மையான தலைவலி.

பிரச்சினை அடுத்த படியில் இருக்கிறது. கட்டாயத் தண்டனை வரும்போது, இவர் எப்படிப்பட்டவர், ஏன் வைத்திருந்தார் என்று எடைபோடும் வேலை நீதிபதியின் கையைவிட்டு நழுவிவிடுகிறது. சட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கட்டாயத் தண்டனையைத் தளர்த்த அரசு வக்கீல் மனுப் போட்டால், மாவட்டத்தின் தலைமைப் பொறுப்பிலுள்ள நீதிபதி அதைக் குறைக்கலாம். அதுபோல, முதல் தடவை தப்பு செய்தவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் வைத்து, ஒழுங்காக இருந்தால் வழக்கையே கைவிடும் பி.டி.ஐ. என்ற திட்டமும் உண்டு. இரண்டாம் நிலைக் குற்றம் என்றால் அதற்கும் அரசு வக்கீல் சம்மதம் வேண்டும். ஆக, இரண்டு ஜன்னல்களின் சாவியும் ஒரே ஆளிடம்.

அட்லாண்டிக் மாவட்ட அரசு வக்கீல் அலுவலகம் மறுத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்றரை ஆண்டு சிறை என்று சொன்னார்கள். வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொன்ன மனுவையும் 2014 ஆகஸ்டில் நீதிபதி ஏற்கவில்லை. ‘எனக்குத் தெரியாது’ என்பது செல்லாது. நியூஜெர்சி சட்டத்தில் ‘அறிந்தே வைத்திருப்பது’ என்றால், கையில் இருப்பது துப்பாக்கி என்று தெரிந்திருந்தால் போதும். அதற்குத் தனி பெர்மிட் வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதே நேரத்தில் அதே மாவட்டத்தில் இன்னொரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸ் 2014 பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டி கேசினோ ஒன்றின் லிஃப்டில், பின்னாளில் தன் மனைவியான பெண்ணை நினைவிழக்கும்படி அடித்தார். அவருக்கு மே மாதத்திலேயே பி.டி.ஐ. கிடைத்துவிட்டது. செப்டம்பர் 8ஆம் தேதி லிஃப்டுக்குள் பதிவான வீடியோ வெளியே வந்தது, நாடே பார்த்தது. யாரையும் தொடாத தாய்க்கு மறுத்த வாய்ப்பை, ஒருவரை அடித்து வீழ்த்தியவருக்குக் கொடுத்தது எப்படி என்ற கேள்வி அப்போது எல்லாப் பக்கமிருந்தும் எழுந்தது. இரண்டு குற்றங்களும் சட்டத்தில் வேறு வேறு நிலை, அடிதடி மூன்றாம் நிலைக் குற்றம் என்று விளக்கம் சொல்லலாம். அந்த விளக்கம் சட்டப்படி சரி. ஆனால் ஒரு பொருளைத் தெரியாமல் வைத்திருந்தது மனிதரை மயங்கி விழ அடித்ததைவிடப் பெரிய குற்றம் என்று எழுதிவைத்திருக்கும் அந்த வரிசைதான் என்னை உறுத்துகிறது.

திருப்பம்

2014 செப்டம்பர் கடைசி வாரத்தில் காற்று மாறியது. மாநிலத்தின் தற்காலிக அட்டர்னி ஜெனரல் ஜான் ஹாஃப்மன் எல்லா மாவட்ட அரசு வக்கீல்களுக்கும் ஒரு விளக்கக் குறிப்பு அனுப்பினார். தன் மாநிலத்தில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர், நியூஜெர்சி சட்டம் தெரியாமல் கொண்டுவந்து மாட்டினால், பெரும்பாலான வழக்குகளில் சிறைத்தண்டனை நியாயத்துக்கு ஏற்றதல்ல என்பது அதன் பொருள். துப்பாக்கி முறைப்படி வாங்கியதா, பொதுமக்களுக்கு எவ்வளவு ஆபத்து இருந்தது, அவர் தானாகவே போலீசிடம் சொன்னாரா என்பதையெல்லாம் பாருங்கள் என்றது. கடைசியில் சொன்னது நேராக இந்த வழக்கின் நள்ளிரவைப் போய்த் தொடுகிறது. தானாகச் சொன்னது ஓராண்டாக அவருக்கு எதிரான சாட்சியாக இருந்தது. இப்போது அதுவே அவருக்குச் சாதகமான காரணமாயிற்று.

அதே அரசு வக்கீல் அலுவலகம் உடனே நிலையை மாற்றிக்கொண்டு பி.டி.ஐ.க்குச் சம்மதித்தது. 2015 ஏப்ரல் 2ஆம் தேதி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி முழு மன்னிப்பு வழங்கினார்.

நல்ல முடிவுதானே என்று தோன்றும். எனக்கும் அந்தச் செய்தியைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. ஆனால் நன்றாகப் பாருங்கள், சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது அதிகாரிகளின் மனசு. ஊடக வெளிச்சம் விழுந்தது, வாதாடிய வக்கீல் துப்பாக்கிச் சட்டத்திலேயே ஊறியவர், ஒப்பிட ஒரு பிரபலத்தின் வழக்கு பக்கத்திலேயே கிடைத்தது. இதில் எதுவும் இல்லாத இன்னொருவர் மூன்றரை ஆண்டு பேரத்துக்குத் தலையாட்டிவிட்டுப் பேசாமல் உள்ளே போயிருப்பார்.

இவருக்கு முன்னும் பின்னும்

இது தனி ஒருவருக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் அல்ல. 2009 ஜனவரியில், கொலராடோவிலிருந்து நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த ஓர் இளைஞர் மனம் உடைந்த நிலையில் வீட்டைவிட்டுக் கிளம்ப, கவலைப்பட்ட தாய் போலீசுக்கு அழைத்தார். காரைச் சோதித்தபோது டிக்கியில், கொலராடோவில் முறைப்படி வாங்கிய கைத்துப்பாக்கிகள் தோட்டா இல்லாமல் பூட்டியபடி இருந்தன. வீடு மாறுகிறவருக்கு விலக்கு உண்டு என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்த விலக்கைப் பற்றி ஜூரிக்கு நீதிபதி சொல்லவே இல்லை. 7 ஆண்டு தண்டனை. 2010 டிசம்பரில் கிறிஸ்டி தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் துப்பாக்கிக் குற்றத்தீர்ப்பை ரத்து செய்தது. காரணம் அந்த ஜூரி விஷயமேதான்.

2014 நவம்பரில் இன்னும் வினோதமான ஒன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 72, பழம்பொருள் சேகரிப்பவர். பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிச் சுடும் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கி, துணியில் சுற்றிக் காரின் கிளவ் பாக்ஸில் வைத்திருந்தார். கார் நிறுத்தப்பட்டபோது அவரும் தானாகவே சொன்னார். அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கு முன்பே செய்த ஆயுதம் அது. கூட்டாட்சிச் சட்டம் இப்படிப்பட்ட பழம்பொருளைத் துப்பாக்கி என்றே எண்ணுவதில்லை. நியூஜெர்சி எண்ணியது. மறுநாள் கைது செய்தார்கள். 2015 பிப்ரவரியில் வழக்கைக் கைவிட்டார்கள்.

தானாகச் சொல்வதைப் பற்றிப் பேசும்போது மினசோட்டாவை மறக்க முடியாது. 2016 ஜூலை 6, செயின்ட் பால் நகரத்துக்குப் பக்கத்தில் ஃபால்கன் ஹைட்ஸ். பெர்மிட் வைத்திருந்த ஒரு கறுப்பின இளைஞர், காரை நிறுத்திய அதிகாரியிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் அந்த அதிகாரி அவரைச் சுட்டுக் கொன்றார். காரில் அவருடைய தோழியும், தோழியின் நான்கு வயது மகளும் இருந்தார்கள். 2017இல் ஜூரி அந்த அதிகாரியை விடுவித்தது. அங்கே சட்டம் அந்த இளைஞர் பக்கம் முழுமையாக இருந்தது, உயிர்தான் மிஞ்சவில்லை. நியூஜெர்சி வழக்கில் கைதான பெண்ணும் கறுப்பினத்தவர். ‘என்னிடம் துப்பாக்கி இருக்கிறது’ என்று சொல்ல அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்பதை மினசோட்டாவுக்குப் பிறகுதான் பலர் யோசித்தார்கள்.

ஒரே நாடு, பல கார்கள்

இந்தப் பெண் டெக்சாஸில் வசித்திருந்தால் கதையே கிடையாது. அங்கே 2007 முதலே, சொந்தக் காரில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை. கார் வீட்டின் தொடர்ச்சி என்ற எண்ணம் அந்தச் சட்டத்தின் அடியில் இருக்கிறது. 2021 செப்டம்பர் முதல் காருக்கு வெளியேயும் லைசென்ஸ் வேண்டாம் என்றாகிவிட்டது. புளோரிடாவில் ‘பத்திரமாக மூடி வைத்திருக்க வேண்டும்’ என்பது நெடுங்கால விதி. கிளவ் பாக்ஸ் கதவு மூடியிருந்தால் போதும், பூட்டக்கூட வேண்டாம், அது பத்திரம்தான். கலிபோர்னியாவில் லைசென்ஸ் இல்லாதவர் தோட்டாவைக் கழற்றி, டிக்கியிலோ பூட்டிய பெட்டியிலோ வைக்க வேண்டும். பூட்டிய கிளவ் பாக்ஸ் அங்கே பெட்டியாகாது. ஒரே கிளவ் பாக்ஸ் புளோரிடாவில் பத்திரமான இடம், கலிபோர்னியாவில் குற்றம் நடந்த இடம்.

அங்கே வாழும் நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒன்று இருக்கிறது, தெரிந்தவர்கள் குறைவு. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டமே தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நியூஜெர்சியின் எடிசனிலோ பிரிட்ஜ்வாட்டரிலோ இருக்கும் நண்பர், பென்சில்வேனியாவில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் சக ஊழியரின் காரில் ஏறும்போதுகூட, அந்தக் காரில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது. தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். மாட்டிக்கொண்டால் சிறையோடு விசாவும் போய்விடும்.

இன்று அதே கார் வந்தால்

2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில் 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது. துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிப்பட்ட தேவையை நிரூபிக்க வேண்டும் என்ற நியூயார்க் விதி செல்லாது என்றானது. அதே மாதிரியான நியூஜெர்சி விதியும் அதோடு விழுந்தது. பூட்டிய கதவு திறந்ததும் பெர்மிட் கேட்டு மக்கள் குவிந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி ஆளுநர் ஃபில் மர்ஃபி புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எங்கெல்லாம் துப்பாக்கி கூடாது என்று நீண்ட பட்டியல். அதில் நம் விஷயத்துக்கு நேரானது ஒன்று: பெர்மிட் வைத்திருந்தாலும் காருக்குள் துப்பாக்கி தோட்டா இல்லாமல், மூடிப் பூட்டிய பெட்டியிலோ டிக்கியிலோ இருக்க வேண்டும். அப்படியென்றால் பெர்மிட்காரர் ஒவ்வொரு முறை காரில் ஏறும்போதும் தோட்டாவைக் கழற்ற வேண்டும், இறங்கியதும் மறுபடி போட வேண்டும். கடைத்தெரு வாகன நிறுத்தத்தில், பிள்ளைகள் சுற்றிவரும் இடத்தில், ஒருநாளைக்குப் பத்துத் தடவை துப்பாக்கியைக் கையில் எடுத்துப் புழங்குவதுதான் பாதுகாப்பா? துப்பாக்கி என்றாலே எனக்கு ஒவ்வாமைதான். ஆனாலும் இந்த விதியை எழுதியவர்கள் துப்பாக்கி வைத்திருக்கும் யாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கூட்டாட்சி மாவட்ட நீதிபதி ரெனே மேரி பம், 2023 ஜனவரி 9 அன்று இந்தக் கார் விதிக்குத் தற்காலிகத் தடை விதித்தார். மே மாதம் நீண்ட தீர்ப்பெழுதி அந்தத் தடையை நீட்டித்தார். ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பட்டியலின் பல பகுதிகளை மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும், கார் பற்றிய தடையைத் தொடவில்லை. வழக்கு அதற்குப் பிறகும் மேல்முறையீட்டில் நீண்டுகொண்டே போனது.

சரி, இவ்வளவும் நடந்த பிறகு, அதே பெண் அதே பென்சில்வேனியா அட்டையோடு பாலத்தைத் தாண்டினால் என்ன ஆகும்? ப்ரூயன் தீர்ப்பும், நீதிபதி பம் தீர்ப்பும் நியூஜெர்சி பெர்மிட் வாங்கியவருக்குத்தான் கைகொடுக்கும். இவர் வெளிமாநிலத்தார் என்ற முறையில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கியிருக்கலாம், 2013இல் இல்லாத வாய்ப்பு அது. வாங்காமல் வந்தால் நியூஜெர்சி அவருடைய அட்டையை ஏற்காது. கைது, இரண்டாம் நிலைக் குற்றம், கிரேவ்ஸ் சட்டம், 42 மாதம். பிறகு அரசு வக்கீலின் மேசையில் 2014ஆம் ஆண்டுக் குறிப்பு இருக்கும். அதை அவர் எடுத்துப் படிக்க வேண்டும்.